ஆறாவது மாடியில் போணி

ஓ.எம்.ஆர். சாலையில், கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலை ஒன்றின்மேல் ஒன்று தூக்கிப் போட்டு விளையாடுகிற இடத்தில், ஆறாவது மாடியில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள்; சிரித்து முடித்த பிறகு அங்கே துவரம்பருப்பு என்ன விலை என்று விசாரிப்பார்கள். ஆரணிப் பெண் தமயந்தி அந்தக் கட்டடத்துக்குள் முதல்முறை கால் வைத்த வெள்ளிக்கிழமை காலையில் அங்கே கடை இல்லை. ஒரு கம்பெனிதான் இருந்தது. கடைகளுக்கு பில் போடவும் சரக்குக் கணக்குப் பார்க்கவும் போனிலேயே ஒரு செயலி செய்து, அதற்குச் 'சிட்டு' என்று பெயர் வைத்து, தெருத் தெருவாக விற்க ஆள் எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி.

தமயந்தி பி.காம். படித்தவள். பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தாலும் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, யாராவது இறங்கட்டும் என்று காத்திருந்து, அடுத்த நிறுத்தத்திலோ அதற்கும் அடுத்ததிலோ இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வருகிற பெண். அப்படிப்பட்டவளை ஆண்டவன் வேறு எந்த வேலைக்கும் கூப்பிட வைக்காமல் விற்பனை வேலைக்கே திரும்பத் திரும்பக் கூப்பிட வைத்தான். கூப்பிட்ட இடத்திலெல்லாம் நல்ல பிள்ளை, ஆனால் வாய் இல்லையே என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா கோபப்படவில்லை. இந்த ஒரு இடம் பார்த்துவிட்டு வா தாயே, இல்லையென்றால் மாமாவின் ஜெராக்ஸ் கடையில் நிழலில் உட்காரலாம் என்றுதான் சொன்னார். ஜெராக்ஸ் கடையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாயைத் திறக்காமலே ஊர் திரும்பினால், பிறகு இந்தப் பிறவியில் தன் வாய் திறக்காது என்று தமயந்திக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. அந்தப் பயம்தான் அவளுக்கு.

கிளம்புகிற அன்றைக்கு அம்மா ஒரு ஐந்து ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, மகளின் தலையைச் சுற்றி, கைப்பைக்குள் வைத்தாள். "வேலை கிடைச்சதும் நம்ம முத்துமாரிக்குச் சேர்க்கணும். அதுவரைக்கும் முடிச்சை அவுக்காதே. அது உன் காசு இல்ல, அவ காசு" என்றாள்.

அறைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் விற்பனைத் தலைவர் நந்தகோபால். மயிலாப்பூரில் பிறந்து, இஸ்திரி கலையாத சட்டையோடு வளர்ந்து, சிரிப்பைச் சில்லறை போல எண்ணிச் செலவழிக்கிறவர். இன்னொருத்தி ஆள் எடுக்கும் பிரிவின் பெனாசிர். முக்காட்டுக்குள் காதில் இயர்போனும், கையில் எப்போதும் ஆறிப்போன டீயும் வைத்திருக்கிறவள். நந்தகோபால் வருகிற எல்லாரிடமும் சொல்கிற அதே வார்த்தையைத் தமயந்தியிடமும் சொன்னார். என்னை ஒரு மளிகைக் கடைக்காரர் என்று நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சிட்டுவை விற்றுக் காட்டுங்கள் என்றார்.

இதே வார்த்தையை அவர் எத்தனையோ வருஷமாக எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கே உரு ஏறிவிட்டதோ, மேலே இருப்பவன் அன்றைக்குத்தான் அதைக் காதில் வாங்கினானோ, யார் கண்டது. தமயந்தி கண்ணை மூடி, தாயே என்று ஒரு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்தபோது ஏசியிலிருந்து மிளகாய் வற்றல் வாசனை அடித்தது. கண்ணாடி மேஜை, கை பட்டுப் பட்டு வழவழத்த மரப்பலகையாக இருந்தது. கூரையிலிருந்து சணல் கண்டும் ஷாம்பு சரங்களும் தொங்கின. சுவரோரம் அரிசி மூட்டைகள் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்துச் சாய்ந்திருக்க, துவரம்பருப்பு மூட்டை மேல் ஒரு செவலைப் பூனை, பிறந்ததிலிருந்து அங்கேதான் தூங்குகிறேன் என்பது போலத் தூங்கியது. நந்தகோபாலின் கழுத்து டை தோளில் துண்டாகி, சட்டை கை வைத்த பனியனாகி, நெற்றியில் மூன்று பட்டையும் நடுவே சந்தனமும் ஏறி, மயிலாப்பூர்த் தமிழைத் தாண்டாத அவர் நாக்கில் தாமிரபரணித் தண்ணீர் ஊறியிருந்தது.

"என்ன தாயி வேணும்?" என்றார்.

பெனாசிர் டீயைக் கீழே வைத்தாள். ஒரு நிமிஷம் மூட்டைகளைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் பூனையைப் பார்த்தாள். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. நேர்காணல் எடுக்கிறவர் எழுந்து கை கொடுத்தால்தான் நேர்காணல் முடிந்ததாகக் கணக்கு. அவர் எழுந்திருக்கவும் இல்லை, கை கொடுக்கவும் இல்லை. ஆகவே நேர்காணல் நடந்துகொண்டிருக்கிறது, மேலே போகலாம் என்று தமயந்திக்குக் கண் காட்டிவிட்டு, நாற்காலி இருந்த இடத்தில் இப்போது இருந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தாள்.

தமயந்தி, வேலை தேடித் தங்கியிருந்த ஹாஸ்டலின் மொட்டைமாடியில் துவைத்த துணிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததை அப்படியே ஒப்பித்தாள். அண்ணாச்சி, இது சிட்டு, பில் போடும், சரக்கு தீர்வதற்கு முன்னால் சொல்லும், மாதச் சந்தா கொஞ்சம்தான், வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்கே கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றாள். அவள் ஆயுசில் மூச்சு விடாமல் இவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை.

பூனை ஒரு கண்ணைத் திறந்தது.

"வெயில் ஏறிட்டு, இன்னும் போணியே ஆவல" என்றார் அண்ணாச்சி, ரொம்ப வருத்தமாக. "அதுக்குள்ள என்கிட்டயே காசு கேக்கியே தாயி. நல்லாருக்கா இது?"

தமயந்திக்குக் காதுமடல் சுட்டது. போணி ஆவதற்கு முன்னால் கடைக்காரனிடம் காசு கேட்கக் கூடாது என்பது ஆரணியில் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எதிரே இருப்பது கடைக்காரர் மாதிரிதானே என்று நினைத்துப் பேசினாளே தவிர, கடைக்காரர் என்று நினைத்துப் பேசவில்லை. அண்ணாச்சி சொம்பில் தண்ணீர் எடுத்து வாசலில் தெளித்தார். போகச் சொல்லவில்லை. ஒரு ஓரமாக உட்காரு என்றார். பச்சரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்தது, ஜெராக்ஸ் மிஷின்தான் என்று மனசு சொல்லியது. நேர்காணல் இன்னும் நடக்கிறது என்று பெனாசிரின் கண் சொல்லியது.

அதற்குள் சேதி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. முதலில் வந்தவர் காவல்காரர் அற்புதராஜ். அடையாள அட்டை இல்லாமல் ஒரு மூட்டையும் உள்ளே வர விட்டதில்லையே நான் என்று கவலைப்பட்டு வந்தவர், பொட்டுக்கடலை டப்பாவைப் பார்த்ததும் கவலையை மறந்து, லிஃப்டு வாசலிலிருந்து வரிசை பிடித்து நிற்கும்படி ஆட்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். கட்டடப் பராமரிப்பு அதிகாரி வந்து, ஆறாவது மாடியில் எண்ணெய் வகைகள் வைக்க அனுமதி உண்டா என்று கேட்டு, பதில் வருவதற்குள் நாட்டுச்சர்க்கரையை மோந்து பார்த்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார். தமயந்திக்கு முன்னால் நேர்காணல் முடித்திருந்த டை கட்டின வாலிபன், விட்டதைப் பிடிக்கலாம் என்று உள்ளே புகுந்து இங்கிலீஷில் படபடவென்று பேசினான்; அண்ணாச்சி முழுசாகக் கேட்டுவிட்டு, வாங்குற மொகமா இது, வெங்காயம் நசுங்குது தள்ளி நில்லு என்றார். பெங்களூரில் இருக்கிற முதலாளிக்குப் பெனாசிர் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் கூட்டம் எப்படி என்று மட்டும் கேட்டார்.

கூட்டம் இருந்தது, போணிதான் இல்லை. அந்தக் கட்டடத்தில் அத்தனை ஆயிரம் பேர் வேலை பார்த்தும் ஒருத்தரிடமும் சில்லறைக் காசு இல்லை. எல்லாரும் போனை நீட்டினார்கள். அண்ணாச்சி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். மற்றதை எதில் வேண்டுமானாலும் கொடுங்கள், முதல் போணி மட்டும் காசாகக் கையில் விழ வேண்டும், கல்லாவில் சத்தம் கேட்க வேண்டும் என்றார். சிலர் கீழே ஓடிப்போய் ஏடிஎம்மில் எடுத்துவந்தார்கள். வந்ததெல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். போணி ஆகாத கடையிலிருந்து மீதிச் சில்லறை எப்படிக் கொடுப்பது? மீதியே வேண்டாம் என்றார்கள். அடுத்தவர் காசு எனக்கு எதுக்கு என்றுவிட்டார். இப்படியே இழுத்துக்கொண்டு போக, தராசு முள் தானாகத் தொங்கியது. மிட்டாய் டப்பாக்கள் மங்கின. சாமி படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கு உளுந்தளவுக்குச் சுருங்கியது. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்து, யாரும் கேட்காமலே, ஏதோ என் நேரம் என்று சொன்னபோது, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம், காரணமே தெரியாமல், தங்கள் தங்கள் அப்பா ஞாபகம் வந்தது.

தமயந்தி கைப்பையைத் தடவினாள். மஞ்சள் துணிக்குள் காசு வட்டமாகத் தட்டுப்பட்டது.

அவ காசு என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவிழ்த்தால் நேர்ந்துகொண்டது என்ன ஆகும், இந்த வேலை என்ன ஆகும்? அவிழ்க்காவிட்டால் மட்டும் வேலை எங்கே இருக்கிறது என்றும் ஒரு எண்ணம் வந்தது. ஆனால் மூட்டையை விட்டு அவளை எழுப்பியது அந்த எண்ணம் இல்லை. விளக்கு அணையப் போகிறதே என்பதுதான். தாயே, உன் காசைத்தான் எடுக்கிறேன், எப்படியாவது உன்னிடமே கொண்டுவந்து சேர்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே என்று மனசுக்குள் கும்பிட்டு, முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். இறுக்கமாக முடிந்திருந்தாள் அம்மா.

"அண்ணாச்சி" என்றாள். குரல் வரவில்லை. இன்னொரு தடவை, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, "அண்ணாச்சி, எனக்கு அஞ்சு ரூவாய்க்குக் கல்லுப்பு குடுங்க" என்றாள்.

புதுக் கடையில் முதலில் உப்புத்தான் வாங்க வேண்டும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. உப்பைத் தராசில் போட்டு, முள் நிமிர்ந்த பிறகும் இன்னொரு கை அள்ளிப் போட்டு, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கட்டி, கொசுறாக ஒரு விரலி மஞ்சளையும் மேலே வைத்துக் கொடுத்தார். காசை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். அந்தச் சத்தம் கோயில் மணி மாதிரி ஒவ்வொரு மாடியாக இறங்கியது. கீழே கார் நிறுத்துமிடத்தில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர்கள் எழுந்து உட்கார்ந்து, யாருக்கோ நல்லது நடக்கிறது என்றார்கள்.

பிறகு என்ன, மடை திறந்தது. விளக்கு நிமிர்ந்து எரிந்தது. போன் காசும் வரலாம் என்று அண்ணாச்சி கையைக் காட்டியதுதான் தாமதம், நாலாவது மாடி மொத்தமும் கணினிப் பையைக் காலி பண்ணிக்கொண்டு வந்தது. ஒன்பதாவது மாடிக்காரர்கள் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படி வழியாக உருண்டு வந்தார்கள். புளி கேட்டார்கள், பெருங்காயம் கேட்டார்கள், சின்ன வயசில் தின்ற தேன்மிட்டாய் கேட்டார்கள், கேட்டதெல்லாம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் திரையில் காத்திருந்தார். அவருக்கு மூட்டைகளைத் திருப்பிக் காட்டினார்கள். அவர் மிளகு விலை விசாரித்து, வாயைப் பிளந்து, தன் சம்சாரத்தைக் கூப்பிட்டார்.

அண்ணாச்சி அட்டைத் துண்டில் பென்சிலால் கூட்டிக் கூட்டிக் களைத்துப்போனார். இரண்டு பேர் கணக்கு ஒன்றாகச் சேர்ந்து, பாசிப்பயறு வாங்கினவர் தலையில் இன்னொருத்தரின் நல்லெண்ணெய் விழுந்தது. தமயந்தி எழுந்துபோய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். சிட்டுவைத் திறந்தாள். விற்க வேண்டும் என்ற நினைப்பே அப்போது அவளுக்கு இல்லை. கூட்டம் நிற்கிறது, தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். அவர் எடை போட்டார், அவள் பில் போட்டாள். "அடுத்து யாரு? அக்கா, நீங்க சொல்லுங்க. அண்ணே, கடுகு உங்களுக்கா அவங்களுக்கா? தம்பி, வரிசையில வா, பூனையை எழுப்பாதே." இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளே திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

மத்தியானம் நந்தகோபாலின் மனைவி கீதாலட்சுமி வந்தாள். பெனாசிர்தான் பயந்து பயந்து சொல்லி வரவழைத்திருந்தாள். பாங்கில் வேலை பார்க்கிறவள், நிதானமான பெண். வரிசைக்குப் பக்கத்தில் நின்று புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவர் அவளை மறக்கவில்லை. தராசை விட்டுவிட்டு, "ஏ கீதா, சாப்பிட்டியா? மொகம் வாடிக் கெடக்கே" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தினமும் போன் பண்ணிச் சொல்லியும் அவர் ஒருநாளும் வாங்கிவராத கொத்துமல்லிக் கட்டை, ஈரம் சொட்டச் சொட்ட எடுத்து அவள் கையில் வைத்தார். கீதாலட்சுமி அதை மூக்கருகே வைத்து முகர்ந்தாள். பிறகு பெனாசிரிடம், இவரை மாற்றுவதற்கு யாரும் ஒன்றும் முயற்சி செய்ய வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூட்டம் வடிந்தது. அண்ணாச்சி மூட்டையில் சாய்ந்து காலை நீட்டினார். தமயந்தி போனைத் துடைத்துப் பைக்குள் வைக்கப் போனாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அதை எங்க கொண்டு போற?"

"இது கம்பெனியோடது அண்ணாச்சி."

"இல்லாம நாளைக்குக் கடைய எப்படித் தொறக்க? காலையில சொன்னியே தாயி, வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டுனா ரெண்டு மாசம் சும்மான்னு. அந்தப் பேச்சு இன்னும் இருக்கா?"

இருக்கு அண்ணாச்சி என்றாள். அவர் கல்லாவைத் திறந்து, அன்றைய வரும்படியிலிருந்து சந்தாவை எடுத்துக் கொடுத்தார். அடியில் தனியாகக் கிடந்த அந்த ஐந்து ரூபாய்க் காசை மட்டும் தொடவில்லை. போணிக் காசு கல்லாவை விட்டுப் போகக் கூடாது. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, துண்டில் கையைத் துடைத்து, தமயந்திக்குக் கை கொடுத்தார்.

எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்த பெனாசிர் துள்ளி எழுந்தாள். நேர்காணல் முடிந்தது. ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள் அல்லவா. தயங்கித் தயங்கி, இந்தப் பெண்ணை எடுத்துக்கொள்ளலாமா, இதை நந்தகோபால் சாராகச் சொல்கிறீர்களா, அண்ணாச்சியாகச் சொல்கிறீர்களா என்று கேட்டாள்.

"வாங்குனவனாச் சொல்லுதேன்" என்றார் அவர்.

இதற்கு மேல் ஒரு கம்பெனிக்கு என்ன வேண்டும்? வேலை தமயந்திக்குத்தான் என்று ஆயிற்று. டை கட்டின வாலிபனையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கடையில் வெங்காயம் பொறுக்கட்டும், பிறகு விற்கப் போகட்டும் என்று. செயலி வாங்கி முடித்ததும் கடை கலைந்துபோகும், மேஜை கண்ணாடியாகும் என்று கட்டடமே காத்திருந்தது. கலையவில்லை. இன்றைக்கும் நந்தகோபால் காலையில் காரை ஓட்டிக்கொண்டு வந்து, ஆறாவது மாடி வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். புதிதாக வேலை கேட்டு வருகிற பிள்ளைகளை அவரிடம் அனுப்பி வைக்கிறார்கள். இப்போது யாரும் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தமயந்தி ஆரணிக்குப் போனாள். பஸ்ஸில் அவள் இறங்க வேண்டிய இடத்தில் அவளே குரல் கொடுத்து இறங்கினாள். அம்மாவிடம் அவிழ்ந்த மஞ்சள் துணியைக் காட்டி, நடந்ததை முழுசாகச் சொல்லி, திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அம்மா உப்புப் பொட்டலத்தைக் கையில் வாங்கி, எடை பார்ப்பது போல அசைத்துப் பார்த்தாள். "மாரியாத்தாளுக்கு வேற என்னத்தடி கொட்டுவாங்க? உப்புத்தானே. அவ காசை அவளே உப்பா மாத்திக்கிட்டா. நீ நடுவுல என்ன பண்ணே?" என்றாள்.

இரண்டு பேரும் கோயிலுக்குப் போனார்கள். பலிபீடத்துக்கு முன்னால் தமயந்தி உப்பைக் கொட்டினாள். ஐந்து ரூபாய் உப்புத்தான், கொட்டக் கொட்ட வந்துகொண்டே இருந்தது. கூம்பு காலியாவதற்குள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. பூசாரி ஒன்றும் கேட்காமல் முறத்தில் அள்ளி அள்ளி ஓரமாகப் போட்டார். விரலி மஞ்சளை அம்மா தாலிக்கயிற்றில் உரசிக்கொண்டாள்.

வெளியே வரும்போது கோபுர நிழலில் ஒரு பூக்காரம்மா கூடையை வைத்துக்கொண்டு, கதம்பத்தை முழம் போட்டு முழம் போட்டுக் கணக்கை விரலில் பிடித்துக்கொண்டிருந்தாள். தமயந்தி அம்மாவின் கையை விட்டுவிட்டு நேராக அவளிடம் போய், எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். சிட்டுவை எடுக்கவில்லை, பையையே திறக்கவில்லை.

"அக்கா," என்றாள், "போணி ஆச்சா?"

"எங்க கண்ணு. காலையிலேர்ந்து குந்தியிருக்கேன்."

"அப்ப மொதல்ல எனக்கு ரெண்டு முழம் கொடுங்க" என்று சொல்லிப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.